அண்ணன் நிமிர்த்திய அரைவட்டக் கொட்டகை

இந்த மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. "நீதான் டீச்சரு, உனக்குத்தான் நாலு வார்த்தை கோவையா எழுத வரும், நீயே எழுதிடும்மா" என்று அண்ணி இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் பல வருடம் சரித்திரப் பாடம் எடுத்தவள் நான். ராஜாக்களைப் பற்றி எழுதச் சொன்னால் பேனா ஓடும். கூடப் பிறந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு வரி எழுதுவதற்குள் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

நினைவு மலர்களில் வருகிறவர்கள் எல்லோரும் கோபமே படாதவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் நன்றாகக் கோபப்படுவார். பிடிவாதக்காரர். உங்களில் பலர் வீட்டுக்கு அவர் வந்தபோது காப்பி குடிப்பதற்கு முன்பே ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, உங்கள் கேட்டையும் குழாயையும் முறுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். சிலர் வீட்டுக் குழாயை அதற்குப் பிறகு திறக்கவே முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். அவருடைய வாழ்க்கையை எழுதப் போனால் பாதி இடத்தை ஒரு தகரக் கொட்டகை பிடித்துக்கொள்கிறது. அதற்கும் உங்கள் பொறுமையைக் கோருகிறேன்.

அண்ணன் பிறந்தது துறையூருக்கு வடக்கே ஒரு சிற்றூரில். மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளமும் கடலையும் வரும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அண்ணன் பத்தாவது முடித்த வருடம் அப்பா காலமானார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா அண்ணனைத் திருச்சிக்கு அனுப்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பில் சேர்த்தார். படிப்பு முடிந்ததும் கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்த மறுவாரமே அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஒரு வேலை கிடைக்கும்வரை தன் கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவிடவில்லை. ஊரில் இருந்து வந்த மாமா சத்தம் போட்டபோது, "அவ மொதல்ல சொந்தக் கால்ல நிக்கட்டும் மாமா, எனக்கு என்ன அவசரம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். இன்றைக்கு நான் பென்ஷன் வாங்கிச் சாப்பிடுகிறேன் என்றால் அது அண்ணன் போட்ட சோறு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

தொழிற்சாலையில் அண்ணனுக்கு அழுத்தம் தாங்கும் பெரிய கொதிகலன் பாகங்களைப் பொருத்துகிற பிரிவில் வேலை. ஒரு மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஆபத்து. தண்ணீரை அழுத்தி நிரப்பிப் பார்ப்பார்கள், ஒரு சொட்டு வியர்த்தாலும் முழு வேலையும் மறுபடி செய்ய வேண்டும். அந்தப் புத்தி அவருக்கு எலும்போடு ஊறிவிட்டது. உங்கள் வீட்டுக் குழாய்கள் இறுகிப்போனதற்குக் காரணம் அதுதான்.

அண்ணி லால்குடிப் பக்கத்துப் பெண். ஆசிரியப் பயிற்சி முடித்தவர். அவர்களுக்குக் கயல் பிறந்தாள். அவளுடைய இரண்டாவது தீபாவளியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் அணுகுண்டு வெடி வைத்தார்கள். பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். தூளியில் தூங்கிய குழந்தை இமைகூட அசைக்கவில்லை. அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தூளியைப் பார்த்தார். அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் சாப்பிடவில்லை.

டாக்டர்கள் உறுதிப்படுத்திய பிறகு அண்ணி அழுதுகொண்டு உட்காரவில்லை. காது கேளாத குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்பைத் தனியாகப் படித்துத் தேறினார். எடமலைப்பட்டி புதூரில் வீடு கட்டுவதற்காக அண்ணன் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, கயலையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அண்ணி பள்ளியைத் தொடங்கினார். ஊரில் இத்தகைய நல்ல பள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் சின்னஞ்சிறு பிள்ளையை விடுதியில் விட மனம் வராத தாய்மார்கள் அண்ணியைத் தேடி வந்தார்கள். கயலுக்குப் பத்து வயதானபோது கொட்டகை கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். சைகையும் உதட்டசைவும் படங்களும் சேர்ந்த பாடம். சத்தமில்லாத பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். மேஜையைத் தட்டி ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில் அங்கே சந்தைக்கடை இரைச்சல் இருக்கும்.

அப்போதுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குக் காரணமான, பிள்ளைகளைப் பலிகொண்ட தீ விபத்து நம் எல்லோருக்கும் தெரியும், அந்த உத்தரவு நியாயமானதும்கூட. பார்வையிட வந்த அதிகாரி நல்ல மனிதர். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "மேடம், உங்க சேவையை நான் மதிக்கிறேன். ஆனா ஜூன்ல ஸ்கூல் திறக்கிறப்ப மேல கீத்து இருந்தா என்னால அனுமதி குடுக்க முடியாது. பிள்ளைங்க விஷயம், பாத்துக்குங்க."

அவர் போனதும் ஒரு தாய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள இங்க வந்தப்புறந்தான் என்னைப் பாத்து அம்மான்னு கை காட்டுனான் டீச்சர். மூடிராதீங்க." கான்கிரீட் கட்டடம் எழுப்ப அண்ணனுக்கும் அண்ணிக்கும் வசதியும் இல்லை, ஜூனுக்குள் அது முடியவும் முடியாது. அன்று சாயங்காலம் அண்ணன் மனையின் நடுவில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு கட்டும் யோசனையை அவர் கைவிட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விமான நிலையம் பக்கம் ஒருவருடைய கிடங்கு இருந்தது. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள், உள்ளே இருக்கும் பழைய தகரக் கொட்டகையை உடைக்கப்போகிறார்கள் என்று அண்ணனுக்குத் தெரியவந்தது. என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனார். ஒரு பெரிய பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போன்ற கொட்டகை. சுவர் எது கூரை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஒரு பக்கம் தரையில் தொடங்கிய தகரம் தலைக்கு மேல் வளைந்து மறுபக்கம் தரையில் போய் இறங்கியது. "யுத்தத்தப்ப வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரங்க இங்க போட்டதாம், எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார் கிடங்குக்காரர். பிள்ளைகளுக்கென்று தெரிந்ததும், "கழட்டி எடுத்துட்டுப் போங்க சார், எனக்கு இடம் காலியானா போதும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருமனதை எங்கள் குடும்பம் மறக்காது.

சரித்திர டீச்சர் என்பதால் அதன் பூர்வோத்திரத்தைத் தேடிப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நெளிதகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் துறைமுகக் கிடங்குகளுக்காக வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிரான்ஸ் தேசத்துச் சேற்றிலும் குளிரிலும் கூடாரங்களில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு ராணுவப் பொறியாளர் இந்த அரைவட்டக் கொட்டகையை வடிவமைத்தார். வில்லாக வளைந்த இரும்பு விலாக்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் மரச்சட்டங்கள், அவற்றைப் போர்த்திய நெளிதகரம், இரண்டு முனையிலும் அடைப்புச் சுவர். அவ்வளவுதான். எல்லாப் பாகங்களும் முன்பே செய்யப்பட்டவை. வளைந்த தகரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், ஒரு லாரியில் முழுக் கொட்டகையும் போய்விடும். கொத்தனாரும் தச்சரும் வேண்டாம், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆறு பேர் இருந்தால் அரை நாளில் நிறுத்திவிடலாம். இரண்டாம் போரில் அமெரிக்கர்கள் தங்கள் பங்குக்கு ஒரு வகை செய்து தீவு தீவாகக் கப்பலில் அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பட்டாளம் போய்விட்டது. கொட்டகைகள் ஆங்காங்கே நின்று குடியிருப்பாகவும் கோயிலாகவும் கிடங்காகவும் மாறின.

தகரம் ஏன் நெளிய வேண்டும் என்பதை அண்ணன் எனக்குக் கல்யாணப் பத்திரிகையை வைத்து விளக்கினார். தட்டையாகப் பிடித்தால் பத்திரிகை தொங்கும். விசிறிபோல மடித்தால் மேலே ஒரு டம்ளரை வைக்கலாம். அந்த வித்தையை அதன்பிறகு நம் வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றிலும் அவர் செய்துகாட்டினார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் டம்ளர் கவிழ்ந்ததும் உண்டு.

அண்ணனும் அவருடைய சிநேகிதர் பிரான்சிஸும் தொழிற்சாலைத் தோழர்கள் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையைக் கழற்றினார்கள். பிரான்சிஸ் வெல்டிங்கில் பெயர் வாங்கியவர். துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொரு விலாவுக்கும் பெயிண்டில் அடையாளம் போட்டு, புதூர் மனைக்குக் கொண்டுவந்தார்கள். தரையைத் தொட்டிருந்த தகரத்தின் அடிப்பாகம் அரித்துப் போயிருந்தது. அதை வெட்டிவிட்டு, இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி அதன்மேல் விலாக்களை நிறுத்தினார்கள். இது குளிர்தேசத்துக்காகப் பிறந்த கொட்டகை, நம் ஊர் வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள் என்று அண்ணி பயந்தார். அதனால் உச்சியில் காற்றுப்போக்கி வைத்தார்கள், முனைச் சுவர்களில் பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள், உள்பக்கம் இன்னொரு அடுக்குத் தகரம் போட்டு இரண்டுக்கும் நடுவில் காற்று ஓட இடைவெளி விட்டார்கள்.

ஆறு பேர் அரை நாளில் செய்கிற வேலைக்கு அண்ணன் கூட்டத்துக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. காரணம் இருக்கிறது. ஒவ்வொரு விலாவும் மூன்று துண்டு. துண்டுகளைச் சேர்க்க இரும்புத் தகடுகள் உண்டு. அந்தத் தகடுகளில் போல்ட் போகும் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டு கிடந்தன. "பாருப்பா, எத்தனை வருஷமா ஆடி ஆடித் தேஞ்சு போயிருக்கு" என்று பிரான்சிஸ் தகடுகளை ஒதுக்கித் தள்ளினார். தகடுகள் பாலக்கரைப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அண்ணன் புதிய தகடுகளில் போல்ட் இம்மியும் அசையாதபடி வட்டத் துளை போட்டார். பிரான்சிஸ் அந்த மூட்டுகளின் மேல் வெல்டும் வைத்தார். தகரமும் தகரமும் சேரும் இடங்களில் நெருக்க நெருக்க ரிவெட் ஆணி அடித்தார்கள். முடிந்ததும் மேலே ஹோஸ் போட்டுத் தண்ணீர் அடித்துச் சோதித்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்றைக்கு அண்ணன் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. ஒரு மத்தியானம் அண்ணி உள்ளே பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடமாட உதவ நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். தலைக்கு மேல் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு சரவெடி போலத் தொடர்ந்து வெடித்தது. ரிவெட்டுகள் பிய்ந்து தெறித்தன. ஒரு தகரம் புடைத்துக்கொண்டு கிழிந்தது. நாங்கள் இருவரும் வெளியே ஓடி வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். "நல்லவேளை, பிள்ளைங்க இல்ல" என்பதையே அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஷிப்ட் முடித்து வந்த அண்ணன் கொட்டகையைச் சுற்றி வந்தார். இரண்டு விலாக்கள் முறுக்கிக்கொண்டு நின்றன. செங்கல் சுவரில் விரிசல் ஓடியிருந்தது. பள்ளி திறக்கச் சில வாரங்களே இருந்தன. அண்ணன் மண்ணில் உட்கார்ந்து, முறுக்கிய விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, "போதலை பிரான்சிஸ். விலாவை இன்னும் கனமாப் போடணும். வெல்டை ரெண்டு பக்கமும் வைக்கணும்" என்றார். பிரான்சிஸும் தலையாட்டினார். இரண்டு பேரும் கொட்டகையை இன்னும் இறுக்குவதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி கொட்டகையின் உள்ளே போய்ப் பழைய தகடுகள் இரண்டை எடுத்துவந்தார். காகிதம் பறக்காமல் இருக்க மேஜையில் வைத்துக்கொள்ளலாம் என்று, பிரான்சிஸ் ஒதுக்கியவற்றில் அந்த இரண்டை மட்டும் எடுத்து வைத்திருந்திருக்கிறார். "ஏங்க, ஒண்ணு கேக்கலாமா? இந்த ஓட்டையெல்லாம் தேஞ்சு போச்சுன்னுதானே தூக்கிப் போட்டீங்க?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?" அண்ணனுக்குக் கோபம்.

"தேஞ்சுதுன்னா ஒண்ணு கூட இருக்கும், ஒண்ணு குறைச்சலா இருக்கும்ல? இந்த ரெண்டு தகட்டையும் பாருங்க. எல்லா ஓட்டையும் ஒரே அளவா இருக்கே. தேஞ்சதுக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது?"

அண்ணன் தகட்டை வாங்கித் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு துளை. இன்னொரு துளை. பிரான்சிஸிடம் நீட்டினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துளையை நீளமாக வைத்ததே அதைச் செய்தவர்கள்தான். இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். போல்ட் நகர இடம் விட்டிருந்தார்கள். அத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் அது நின்றது அந்தத் தளர்ச்சியால்தான். நம் ஆட்கள் அதை நோய் என்று நினைத்துக் குணப்படுத்திவிட்டார்கள்.

பிரான்சிஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாம என்னப்பா பண்றது? கசியாமப் பண்ணத்தானே நமக்கு இத்தனை வருஷமா சம்பளம் குடுத்தாங்க?"

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "இந்தாம்மா, நீ எங்க ஃபேக்டரிக்கு வந்து இன்ஸ்பெக்ஷன்ல உட்காந்திருக்கணும்" என்றார். அண்ணனிடமிருந்து அதுதான் உச்சபட்சப் பாராட்டு.

மறுநாள் காலையில் பாலக்கரைக்கு ஓடினார்கள். உருக்கப் போகிற குவியலின் அடியில் தகடுகள் கிடந்தன. கடைக்காரர் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்க படிக்கிற எடத்துக்குன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? எடுத்துட்டுப் போங்க" என்று தன் ஆட்களை விட்டே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். காணாமல் போனவற்றுக்கு அண்ணன் நீளத் துளையோடு புதிதாகச் செய்தார். வைத்த வெல்டையெல்லாம் பிரான்சிஸ் தன் கையாலேயே வெட்டினார். தான் பெற்ற பிள்ளையை அடிப்பது போல இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். ரிவெட்டுகளை எடுத்துவிட்டுத் தகரத்தை ஒன்றின்மேல் ஒன்று தாராளமாக ஏற்றிப் போட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோர் வந்து வெளிப்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தார்கள், வெள்ளையாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதற்காக. அன்று தொடங்கிய பழக்கம், இன்றுவரை ஒவ்வொரு சித்திரையிலும் பெற்றோர்கள் கூடிச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

பள்ளி திறக்கும் நாள் அதிகாரி வந்தார். திருச்சியில் ஜூன் மாதத்தில் மழை அபூர்வம். அன்றைக்கென்று பிற்பகலில் வானம் கறுத்துக் கொட்டியது. தகரத்தின்மேல் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் கேட்கவில்லை. அதிகாரி அண்ணியின் காதருகில் வந்து கத்தினார். "இந்தச் சத்தத்துல எப்படிங்க பாடம் நடத்துவீங்க?"

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. கசிவு, வெயில், காற்று எல்லாம் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. காதுக்கருவி போட்டிருந்த பிள்ளைகள் இரைச்சல் தாங்காமல் அவற்றைக் கழற்றி வைத்தார்கள். கயல் எழுந்துபோய் வளைந்த தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். உடனே திரும்பி மற்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போய் வரிசையாகத் தகரத்தில் கைவைத்து நின்றார்கள். சிலர் கன்னத்தை வைத்தார்கள். மழை வலுக்கும்போது அவர்கள் சிரித்தார்கள், குறையும்போது ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு மழை கேட்டது. கயலுக்குப் பத்து வயது. மழைக்குச் சத்தம் உண்டு என்பதை அவள் அறிந்தது அன்றைக்குத்தான்.

ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யம் செய்யும் ஒரு பெரியவர் தம் பேத்தியை அங்கே சேர்த்திருந்தார். அவர் மேலே பார்த்துக் கைகூப்பினார். "ஆதிசேஷன் படத்தை விரிச்சுக் கவிஞ்சுண்டாப்ல இருக்கு ஸ்வாமி. பெருமாள் கிருபை" என்று அண்ணனிடம் சொன்னார். சத்தத்தில் அண்ணனுக்குக் கேட்கவில்லை. மழை நின்றபின் பெரியவரிடம் கேட்டு நான்தான் சொன்னேன். அதிகாரியும் மெதுவாகப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கையை வைத்துப் பார்த்தார். அனுமதிக் கையெழுத்து அன்றே கிடைத்தது.

மழை சற்றுத் தணிந்த நேரத்தில் பிரான்சிஸ் பதறிக்கொண்டு வந்தார். "ரெண்டு எடத்துல சொட்டுதுப்பா!" அண்ணன் அமைதியாகச் சொன்னார். "சொட்டட்டும். கீழ ஒரு வாளியை வை."

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக் குழாய்களை முறுக்குவதைக் குறைத்துக்கொண்டார். அடியோடு விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய். வேலை முடிந்த சாயங்காலங்களில் கொட்டகைக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சைகை மொழி கற்றுக்கொண்டார். அதுவரை கயலோடு பத்துப் பதினைந்து சைகைகளில் காலத்தை ஓட்டியவர். இரும்பைப் பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்கள், லேசில் வளையாது. அவர் 'தண்ணீர்' என்று காட்டினால் பிள்ளைகள் வேறு ஏதோ புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் பின்வாங்கவில்லை. ஓய்வு பெற்றபின் மனையின் ஓரத்தில் இரண்டு அறை கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறினார். கனவு கண்ட மாடி வீடு கடைசிவரை எழும்பவில்லை. கயல் படித்துப் பட்டம் பெற்று, இன்று அதே பள்ளியில் ஆசிரியை. கொட்டகைக்குப் பின்னால் இப்போது கான்கிரீட் வகுப்பறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் மழை வந்தால் பிள்ளைகள் அத்தனைபேரும் கொட்டகைக்குத்தான் ஓடுகிறார்கள்.

சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலதுகையும் வலதுகாலும் போயின. பேச்சும் போய்விட்டது. "ஐயாவுக்கு நாம சொல்றது புரியுதான்னே தெரியல மேடம்" என்று நர்ஸ் என்னிடம் வருத்தப்பட்டார். நான் கட்டில் பக்கத்தில் நின்று "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டேன். உதடு கோணிற்று, சத்தம் வரவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர் அப்படிக் கிடந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பள்ளி முடிந்து கயல் வந்தாள். அப்பாவின் முன்னால் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். அண்ணனின் இடதுகை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. விரல்கள் தடுமாறித் தடுமாறி அசைந்தன. கயல் வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "என்ன சொல்றாரு?" என்று அண்ணியைக் கேட்டேன். "கஞ்சியில உப்பு இல்லையாம்" என்றார் அண்ணி.

அன்று முதல் பழைய மாணவர்கள் பார்வையாளர் நேரத்தில் முறைவைத்து வந்தார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கிற பையன், தையல் கடை வைத்திருக்கும் பெண், ஸ்ரீரங்கத்துப் பெரியவரின் பேத்தி, எல்லோரும் வந்தார்கள். அண்ணன் அவர்களோடு ஊர்க்கதை பேசினார், வம்பளந்தார், கோபித்துக்கொண்டார். பேச்சுப் போன நோயாளிதான் அந்த வார்டிலேயே அதிகம் பேசிய நோயாளி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவு பகல் பார்க்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும், அவர் கையைப் புரிந்துகொள்ளத் தாங்களும் நாலு சைகை கற்றுக்கொண்ட நர்ஸ்களுக்கும், கொட்டகையைக் கொடுத்த கிடங்குக்காரர் குடும்பத்துக்கும், பாலக்கரை பாய்க்கும், தாம் வைத்த வெல்டைத் தாமே வெட்டிய பிரான்சிஸுக்கும், சுண்ணாம்பு அடித்த பெற்றோர்களுக்கும், துறையூரிலிருந்து வந்து கடைசிவரை கூட நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக, சொல் இழந்த மனிதருக்குத் தங்கள் மொழியைக் கொடுத்த அந்தப் பிள்ளைகளுக்கு நான் கைகூப்புகிறேன்.

அண்ணன் கண் மூடுவதற்கு முந்தின நாள் மாலை, அண்ணியிடம் இடதுகையால் வெகுநேரம் ஏதோ சொன்னார். அண்ணி அந்தக் கையைப் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

அண்ணி சொன்னார். "பொண்ணுக்காகத்தான் அந்த ஸ்கூலை நிமித்துனோம்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன், எனக்காகவும்தான் நிமித்தியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுதுன்னு சொல்றாரும்மா."